சக்கரங்களுக்குச் சந்தனம்

நாலு வருடங்களாகப் போனில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த காரை இன்றைக்கு முத்துராணி ரோட்டில் ஓட்டியாக வேண்டும்.

அது அவளுக்குச் சீராக வந்த கார். உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் பார்க்கும் அவள் அப்பா பேச்சிராஜ், மகளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார். வெள்ளை நிறத்தில், அலாய் வீல் வைத்த ஒரு காரையும் வாங்கிக் கொடுத்தார். "எம் பிள்ள எங்க போனாலும் அவளே ஓட்டிக்கிட்டுப் போவா" என்று கல்யாண மண்டபத்தில் நாலு பேர் கேட்கச் சொன்னார்.

தச்சநல்லூரில் மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த அன்றே, சாவி மாமனாரின் பீரோவுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் உறும விட்டு, காரை கேட் வரைக்கும் கொண்டுபோய், மறுபடி பின்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு, மாமனார் ஒரு துண்டால் ஸ்டீரிங்கைத் துடைப்பார். அதோடு அந்த வாரப் பயணம் முடிந்தது.

போனில் அந்தக் கார் நன்றாக ஓடியது. வாரா வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போனது. ஒரு தடவை மணிமுத்தாறு அருவி வரைக்கும் போய் வந்தது. வளைவில் பயமாக இருந்ததா என்று அப்பா கேட்டார். ரெண்டாவது கியரிலேயே வந்தேன் என்று மகள் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு வாரம் அதே பேச்சு.

பேச்சிராஜுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சக் கண்ணுக்குப் பாளையங்கோட்டையில் ஆபரேஷன். நாளைச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பார்வை நிற்குமா போகுமா என்று டாக்டர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

"அதுக்கு முந்தி ஒரு தடவை நீ ஓட்டி நான் பக்கத்துல உக்காந்து வரணும் தாயி. அப்புறம் எப்படியும் போகட்டும்" என்று போன வாரம் அப்பா கேட்டிருந்தார்.

முத்துராணி அதை மாமனார் பெருமாள்ராஜிடம் போய்க் கேட்டாள். கேட்டதையும் அவர் கொடுத்த வாக்கையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். "ஆயுத பூஜையன்னைக்குப் பூசை முடிஞ்சதும் நீயே எடுத்துக்கிட்டுப் போய் பஸ் ஸ்டாண்டுல இருந்து சம்மந்தியக் கூப்பிட்டுக்கிட்டு வா" என்று பெருமாள்ராஜ் அனைவர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டார்.

அறிவிப்பதில் அவருக்கு அனுபவம் உண்டு. கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்தத் தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர். தேர்தல் நடந்த அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் பதவிக்கு ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் போட்டி கடுமையாக இல்லை. வீட்டு கேட்டில் 'தலைவர்' என்ற வார்த்தை பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

வாக்குக் கொடுத்த கையோடு அவருக்கு ஒரு கவலை வந்தது. காரைக் கொடுத்தவரே வந்து பார்க்கப் போகிறார். அதன் சக்கரம் மினுங்க வேண்டாமா?

*

பண்டிகைக் காலை. ஜங்ஷன் பக்கம் காஜா முகைதீன் கடை வாசலில் மாலையும் வாழைக்கன்றும் வாங்க வந்த வண்டிகளின் நெரிசல். கார் சாமான்கள் விற்கும் அந்தக் கடைக்குள் பெருமாள்ராஜ், மகனும் முத்துராணியின் புருசனுமான சுடலைக்கண்ணுவின் பைக்கில் இருந்து இறங்கி, கொடி ஏற்ற வந்தவர் போல நுழைந்தார்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

"வீலுக்கு."

"கழுவுததுக்கா, மினுக்குததுக்கா?"

"ரெண்டுக்கும். நான் மூணு நாளா வீடியோ பாத்துட்டுத்தான் வந்திருக்கேன். சும்மா ஏதாவது தலையில கட்டிரலாம்னு நெனைக்காதேயும்."

காஜா முகைதீன் அப்படித்தான் நினைத்திருந்தார். நினைத்ததை முகத்தில் காட்டாமல் கேட்டார்.

"எந்த மாதிரி அழுக்கு அண்ணாச்சி? பிரேக் தூளா, தார் ஒட்டுனதா, கடக்கரைப் பக்கம் ஓடுன உப்பா? அழுக்கப் பாத்துத்தான மருந்து குடுக்கணும்."

பெருமாள்ராஜ் தொண்டையைச் செருமினார். பிரேக் தூள் வருவதற்கு பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் பிடிப்பதற்கு ஓட வேண்டும். தார் ஒட்டுவதற்கும் அதே நிபந்தனை.

"பொதுவான அழுக்கு" என்றார்.

"நாய்" என்றான் சுடலைக்கண்ணு.

தெருவில் ஒரு செவலை நாய் இருக்கிறது. தினமும் காலையில் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்து முன்பக்க இடது சக்கரத்தில் காலைத் தூக்கும். நலச்சங்கத்தின் சென்ற மூன்று கூட்டங்களிலும் அந்த நாய்தான் விவாதப் பொருள். சுடலைக்கண்ணு அப்பா எதிரில் பேசுவது அபூர்வம். பேசினால் இப்படி எதையாவது உள்ளபடி சொல்லிவிடுவான்.

காஜா முகைதீன் சிரிக்கவில்லை. வியாபாரி. "அதுக்குச் சாதா ஷாம்பு போதும் அண்ணாச்சி. ஒரு வாளி தண்ணி, மெத்துனு ஒரு பிரஷ். வேற செலவு இல்ல."

இது பெருமாள்ராஜுக்கு அவமானமாக இருந்தது. மூன்று நாள் வீடியோ பார்த்தது ஒரு வாளித் தண்ணீருக்கா?

"எல்லாத்தையும் எடுத்து வையும். நான் பாத்து எடுத்துக்கிடுதேன்."

கண்ணாடி மேஜையில் சாமான்கள் இறங்கின. முதலில் வந்தது கம்பி பிரஷ். அதைப் பெருமாள்ராஜ் கையாலேயே தள்ளிவிட்டார். "கீறிரும். எனக்குத் தெரியாதா?" அது வரைக்கும் சரிதான்.

அடுத்து ஒரு நீள பிரஷ். வெள்ளைக் கைப்பிடி, நுனியில் உருண்டையாக முடி.

"இதுதான் அண்ணாச்சி முக்கியம். ஆரக்காலுக்கு நடுவுல விட்டு ஒரு சுத்து சுத்துனா, வீலோட உள்பக்கம் பூரா கழுவிரும். விவரம் தெரிஞ்சவன் முதல்ல இதைத்தான் எடுப்பான்."

பெருமாள்ராஜ் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, முகத்திலிருந்து தள்ளியே வைத்துப் பார்த்தார்.

"என்னவே இது. கக்கூஸ் கழுவுத பிரஷ் மாதிரி இருக்கு."

"பாக்கத்தான் அப்படி."

"பாக்கத்தான வைக்கப் போறோம். இன்னைக்கு என்ன நாளு? ஆயுத பூசை. வாங்குத சாமான் எல்லாத்தையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால வைக்கணுமா இல்லையா? இதைக் கொண்டுபோய் வச்சா சாமி என்ன நெனைக்கும்?"

சாமி என்ன நினைக்கும் என்பதில் காஜா முகைதீன் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. பிரஷை எடுத்து ஓரமாக வைத்தார்.

அதற்குப் பிறகு எல்லாச் சாமானும் ஒரே கேள்வியைத்தான் சந்தித்தது. சக்கரத்துக்கு ஆகுமா என்பது இரண்டாம் பட்சம். பூஜைக்கு ஆகுமா? கறுப்பு ஸ்பாஞ்சு நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பாக இருந்ததால் தோற்றது. மண்டையோடு படம் போட்ட திரவ டப்பா, படம் போட்ட காரணத்தாலேயே தோற்றது. துடைக்கும் துணியில் நீலமும் சாம்பலும் நல்ல தரம். மஞ்சள் கொஞ்சம் மட்டம். மஞ்சள் ஜெயித்தது. கடைசியில் மரக் கைப்பிடி வைத்த ஒரு குட்டை பிரஷ் வந்தது. கல்யாணப் பெண்ணுக்குக் கன்னத்தில் பவுடர் போடுகிற பிரஷின் அண்ணன் மாதிரி, பதவிசாக இருந்தது.

"இதுதான்" என்றார் பெருமாள்ராஜ். "இதுல ஒரு லெட்சுமிகரம் இருக்கு."

"லெட்சுமிகரம் இருக்கும் அண்ணாச்சி. ஆனா உள்பக்கம் எட்டாது. சாண் நீளந்தான் இருக்கு."

"எட்டலைன்னா சக்கரத்தக் கழட்டி வச்சுக் கழுவுதோம். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் செய்யுதான்."

"கழட்டத் தெரியுமா?"

"எம் மவன் எஞ்சினீயரு."

சுடலைக்கண்ணு படித்தது கட்டடம் கட்டுகிற எஞ்சினீயரிங். அதைச் சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். கடைக்குள் அவன் அன்றைக்குப் பேச வேண்டியது முடிந்துவிட்டிருந்தது.

*

படிப்பு வீண் போகவில்லை. ஜாக்கியால் ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, அடியில் சிமெண்டுக் கட்டைகளை அடுக்கி, நாலு சக்கரத்தையும் கழற்றி முடித்தபோது கார் ஒரு நூல்கூடச் சாயவில்லை. அவன் கட்டியவற்றிலேயே உறுதியானது அதுதான்.

சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்த முத்துராணி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க இது. நாலையும் கழட்டிட்டியளா?"

"அப்பா சொன்னாங்க."

"சாயங்காலம் வண்டி எடுக்கணுமே. எப்ப மாட்டுவிய?"

"அப்பா சொன்னதும்."

அப்பா குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து முதல் சக்கரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். குட்டை பிரஷால் ஒவ்வொரு ஆரக்காலாக, விக்கிரகத்துக்கு எண்ணெய்க்காப்பு போடுவது போல. இடையிடையே எதிரே நிறுத்தி வைத்த போனைப் பார்த்துப் பேசினார். நலச்சங்கத்து வாட்ஸாப் குழுவுக்காக.

"அன்பான குடியிருப்போரே. சக்கரம் துடைத்த துணியால் வண்டியின் உடம்பைத் துடைக்கக் கூடாது. அதில் உள்ள மண் கீறிவிடும். மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைப்பது பாமரர் செய்கை."

பத்தாயிரம் தடவை ரோட்டில் உருண்டு வர வேண்டிய சக்கரம், அவர் மடியில் சாய்ந்து கிடந்தது.

அந்த வேகத்தில் நல்ல நேரம் முடியப் போகும்போது இரண்டு சக்கரந்தான் முடிந்திருந்தது. மாமியார் கலையரசி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏங்க, நேரம் முடியப் போவுது. சூடம் எப்ப கொளுத்த? வெளிய உக்காந்து என்னத்தப் பேசிக்கிட்டு இருக்கிய?"

"இன்னும் ரெண்டு இருக்கு."

"அப்ப காரு பூசை?"

பெருமாள்ராஜ் ஒரு நிமிடம் யோசித்தார்.

"சக்கரமும் ஆயுதந்தான். சக்கரத்தாழ்வாருக்குக் கோயில்ல தனிச் சன்னதியே வச்சிருக்கான். ஏலே, நாலையும் ஹாலுக்குள்ள உருட்டு."

"மாமா" என்றாள் முத்துராணி. "மாட்டிட்டுப் பூசை வச்சா…"

"மாட்டிட்டு வச்சா உள்பக்கம் எப்படிம்மா சந்தனம் வைக்கது?"

உள்பக்கத்துக்குச் சந்தனம் எதற்கு என்று கேட்கலாம். அந்த வீட்டில் அப்படிக் கேட்டுப் பழக்கம் இல்லை.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் நாலு சக்கரமும் அரை வட்டமாகச் சாய்ந்து நின்றன. நடுவில் தலைவாழை இலை. அதில் குட்டை பிரஷ், மஞ்சள் துணி, பாலீஷ் டப்பா. பக்கத்தில் ஜாக்கி. அதன் மேல் குறுக்காக ஸ்பேனர். கழற்றிய நட்டுகளைப் பெருமாள்ராஜ் ஒரு வெள்ளித் தட்டில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தார். முத்துராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பூசையில் வைத்த நட்டு இன்றைக்குத் திரும்பக் கைக்கு வராது என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

சூடம் எரிந்தது. கலையரசி மணியடித்தாள். சுடலைக்கண்ணு கும்பிட்டான். எதைக் கும்பிடுகிறோம் என்ற சந்தேகம் அவன் முகத்தில் இருந்தது.

தீபாராதனை முடிந்ததும் பெருமாள்ராஜ் அறிவித்தார். "நாளைக்குக் காலையிலதான் புனர்பூசை. அதுவரைக்கும் இதுல இருக்க ஒரு துரும்பக்கூட யாரும் தொடக்கூடாது. தொட்டா அந்த ஆயுதம் நமக்கு வெளங்காது."

"மாமா, சாயங்காலம் அப்பாவக் கூப்பிடப் போகணும்."

"தாராளமாப் போம்மா. வாக்குக் குடுத்தவன் மாறுவேனா?"

அவர் பீரோவைத் திறந்தார். நாலு வருடமாக உள்ளே இருந்த சாவியை எடுத்து வந்து, வெற்றிலையில் வைத்து, மருமகளிடம் நீட்டினார். கலையரசிக்குக் கண் கலங்கியது. முத்துராணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாவி கையில் இருந்தது. கார் வாசலில் இருந்தது. சக்கரம் சாமி முன்னால் இருந்தது.



"ஏங்க" என்றாள் கலையரசி. "சக்கரம் உள்ள இருக்கே."

"தெரியும்" என்றார் பெருமாள்ராஜ். அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது என்பதை அவர் மீசை காட்டிக் கொடுத்தது.

*

மத்தியானம் முழுக்க அந்த வீட்டில் வழி தேடினார்கள்.

முத்துராணி மாமியாரிடம் போனாள். "அத்தை, ஒரு ஸ்பேனர்தான. சாமிகிட்ட மன்னிப்பு கேட்டு எடுத்துட்டு, திரும்ப வச்சிருவோம்."

"ஏட்டி, வாயக் கழுவு. எங்க அண்ணன் தையக்கடை வச்சிருந்தானே, ஒரு வருசம் பூசையில வச்ச மிஷின எடுத்து ஒரே ஒரு பட்டன் தச்சான். அந்த வருசமே கடை நொடிச்சுப் போச்சு."

"குடிச்சதாலன்னு சொன்னாங்களே அத்தை."

"குடிச்சான். அதுக்கு முன்னாலயும் குடிச்சான். அப்ப நொடிக்கலையே."

முத்துராணி புருசனிடம் போனாள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினான். மெக்கானிக் கடைகள் எல்லாவற்றிலும் ஸ்பேனர் இருந்தது. எல்லா ஸ்பேனரும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் படுத்திருந்தன. திருநெல்வேலியில் அன்றைக்கு ஒரு நட்டைத் திருக ஆளில்லை.

திரும்பி வந்து கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு யோசனை வந்தது. காஜா முகைதீனுக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல வீல் ஸ்பேனர் இருக்கா? பூசையில வைக்காதது?"

"எங்க வீட்ல எதுக்குவே பூசையில வைக்க. என் கார்லயே கெடக்கு, வந்து எடுத்துக்கிடும். ஜாக்கியும் வேணுமா?"

"வேணும்."

அவன் ஸ்பேனரும் ஜாக்கியும் கொண்டு வந்து வாசலில் வைத்தபோது முத்துராணிக்கு அவன் மேல் ஒரு மாதிரி பிரியம் வந்தது. நாலு வருடத்தில் இப்படி வந்ததில்லை. ஆனால் சக்கரத்தை எடுக்க வேண்டுமே. அதற்கும் பெருமாள்ராஜ் சம்மதித்தார். சக்கரம் உருளத்தான் பிறந்தது, அதை வாசலுக்கு உருட்டினால் சாமியை வாகனத்தில் ஏற்றுகிற மாதிரிதான் என்று அவரே ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். கலையரசிகூட மறுக்கவில்லை.

"நட்டு?" என்றான் சுடலைக்கண்ணு.

எல்லாரும் வெள்ளித் தட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நட்டிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. உருட்டலாம் என்று அதைச் சொல்ல முடியாது. திருகினால் ஆயுதத்தை வேலை வாங்கியதாகிவிடும்.

மறுபடி காஜா முகைதீனுக்குப் போன் போனது. "நட்டு நம்மகிட்ட கெடையாதுவே. அது அந்த மாடலுக்குன்னே வாரது. ஷோரூம்லதான் கிடைக்கும். ஷோரூம் இன்னைக்கும் நாளைக்கும் லீவு." கொஞ்சம் நிறுத்தி, தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த நீள பிரஷ வாங்கியிருந்தா இந்தச் சோலியே வந்திருக்காது. சும்மா சொல்லுதேன். அண்ணாச்சிகிட்ட சொல்லாதேயும்."

முத்துராணியின் போன் அடித்தது. அப்பா.

"தாயி, முந்துன பஸ் கெடச்சிட்டு. ஆழ்வார்திருநகரி தாண்டியாச்சு. நீ காரை எங்கன நிப்பாட்டுவ? பஸ் ஸ்டாண்டு உள்ள விடுவானா?"

அவளுக்கு ஆயத்தமாக ஒரு பொய் இருந்தது. கார் சர்வீசில் இருக்கிறது என்று சொல்லலாம். வீட்டுக்கு வந்து வாசலில் கார் நிற்பதைப் பார்த்தால்? இந்தக் கண்ணோடு எவ்வளவு பார்ப்பார்? அப்படி ஒரு கணக்கு மனதில் ஓடியதை நினைத்து அவளுக்கே கூசியது.

"காருக்குப் பூசை நடக்குப்பா. நீங்க ஒரு ஆட்டோ பிடிச்சு வந்துருங்க."

அந்தப் பக்கம் கொஞ்சம் பஸ் சத்தம்.

"சரி தாயி. பூசை நடக்கட்டும். நல்லதுதான. நான் வந்ததும் ஒரு சுத்து போவோம்."

போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். பெருமாள்ராஜ் மடித்து வைத்திருந்த கார் கவரை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

"தரை வரைக்கும் இழுத்து மூடிருவோம். சக்கரம் இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? சம்மந்திக்கும் கண்ணு வேற…"

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. யாரும் முடித்துக் கொடுக்கவும் இல்லை.

*

ஆட்டோவிலிருந்து இறங்கிய பேச்சிராஜ் கையில் ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி. மகளின் குரல் வந்த பக்கம் சிரித்தார்.

"காரு எங்கன தாயி?"

"முதல்ல உள்ள வாங்க சம்மந்தி" என்றார் பெருமாள்ராஜ். "காப்பி சாப்பிட்டுட்டுப் பாப்போம். காரு எங்கயும் ஓடிறாது."

இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு யோசித்தார்.

பேச்சிராஜ் கொட்டானைக் கலையரசியிடம் கொடுத்துவிட்டு, வாசலில் மங்கலாகப் பெரிதாகத் தெரிந்ததை நோக்கி நடந்தார். கவர் நுனியை உயர்த்தினார். உள்ளங்கையைக் கதவில் வைத்து, குதிரையைத் தடவுகிற மாதிரி முன்பக்கமாகத் தடவிக்கொண்டே போனார். கை கீழே இறங்கியது. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் கை உள்ளே போனது. இன்னும் உள்ளே போனது. வெறும் இரும்பைத் தொட்டு நின்றது. குனிந்தபடி சிமெண்டுக் கட்டையையும் தொட்டுப் பார்த்தார்.



பெருமாள்ராஜ் முந்திக்கொண்டார். "ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக் கழட்டி, தேய்ச்சு, உள்ள சாமி முன்னால வச்சிருக்கேன். வந்து பாருங்க. முகம் பாக்கலாம்."

"எனக்கு எங்க தெரியப் போவுது" என்றார் பேச்சிராஜ், சாதாரணமாக. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "உக்காரலாம்லா?"

சுடலைக்கண்ணு கவரை உருவினான். பேச்சிராஜ் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "நீயும் ஏறு தாயி."

அவள் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள். நாலு வருடத்தில் முதல் தடவை. சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. உட்கார்ந்ததும் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அப்பா அந்தச் சத்தத்தைக் கவனித்தார் என்று அவளுக்குப் பட்டது.

"சாவியப் போட்டுப் பாரு. மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

அவள் சாவியைத் திருகினாள். எண்கள் ஒளிர்ந்தன. அந்த எண்ணை வாசிக்க முடியாது. வேறு ஒரு எண் சொல்ல வேண்டும். வாரா வாரம் மார்க்கெட், கோயில், மணிமுத்தாறு. நாலு வருடத்துக்கு நாற்பதாயிரம் சொல்லலாமா, அது அதிகமா? வாயைத் திறந்தாள்.

திறந்த ஜன்னலுக்குள் பெருமாள்ராஜின் தலை நுழைந்தது. இன்று முழுக்க எதுவும் சரியாக நடக்காத மனிதருக்குக் கடைசியில் பெருமைப்பட ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

"நானே சொல்லுதேன் சம்மந்தி. முன்னூத்துப் பன்னெண்டு. நாலு வருசத்துல அவ்வளவுதான். ஷோரூம்ல இருந்து வந்தது, வாங்குன அன்னைக்குக் கோயிலுக்குப் போனது, எல்லாம் சேத்து. புது டயர்ல மயிர் மயிரா நிக்குமே, அதுகூட உதிரலை. நீங்க குடுத்த சாமான ஒருத்தரத் தொட விடலை. உங்க மவளையே விடலைன்னா பாத்துக்கிடுங்க."

வாசலில் ஒரு காக்கை கத்திவிட்டுப் பறந்தது. கலையரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுடலைக்கண்ணு தரையைப் பார்த்தான்.

பேச்சிராஜ் நேராக முன்னால் பார்த்தபடி இருந்தார். முன்னால் காம்பவுண்டுச் சுவர்தான் இருந்தது.

"மணிமுத்தாறுல தண்ணி நல்லா விழுதுன்னு சொன்னியே தாயி."

"சொன்னேன்பா."

அவர் அவளைத் திட்டியிருந்தால் அழுதிருப்பாள். அவர் அவள் கையைத் தேடிப் பிடித்தார். கை கியரின் மேல் இருந்தது. அங்கேயே தட்டிக்கொடுத்தார்.

"சரி, இறங்குங்க சம்மந்தி. காப்பி ஆறிப் போச்சு" என்றார் பெருமாள்ராஜ்.

"நான் இறங்கலை."

"என்னது?"

"எம் மவ ஓட்டி, ஒரு சுத்து போயிட்டு வந்துதான் இறங்குவேன்."

"சம்மந்தி, நாளைக்குக் காலையிலதான புனர்பூசை. சாமி காரியம். அதுவரைக்கும் நட்டத் தொட முடியாதுல்லா."

"தொட வேண்டாம். நீங்க எதையும் தொடாதீக. நான் இங்கன இருந்துக்கிடுதேன். எனக்கு ஆஸ்பத்திரி நாளைச் சாயங்காலந்தான." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பெருமாள்ராஜுக்குத் திகிலாக இருந்தது.

"ராத்திரி பூரா கார்லயா? தெருவுல நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நல்லா மினுங்குத வண்டிக்குள்ள உக்காந்திருக்காருன்னு சொல்லுவான்."

தெரு ஏற்கெனவே பார்க்க ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் பொரி வாங்க வரச் சொல்லிப் பெருமாள்ராஜே குழுவில் செய்தி போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே சங்கத்து உறுப்பினர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கட்டைகளின் மேல் நிற்கும் காரையும், அதற்குள் வெள்ளைச் சட்டையும் துண்டுமாக உட்கார்ந்திருக்கும் சம்மந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தலைவரே, காரு எங்கயும் கெளம்புதா?" என்றார் ஒருவர்.

தலைவர் கவரை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். சுடலைக்கண்ணு ஹால் வாசற்படியில் நின்றான். அங்கிருந்து வெள்ளித் தட்டு எட்டுகிற தூரம்.

"லே, தொட்டுராத" என்றாள் கலையரசி. அவள் குரலிலும் முன்னைப் போல உறுதி இல்லை.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சொன்னதும் செய்வான். சொல்லாவிட்டால் நிற்பான். பெருமாள்ராஜ் ஹாலைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார். அறிவிக்க அவரிடம் ஒன்றுமில்லை.

முத்துராணிக்கு இறங்குவதா இருப்பதா என்று தெரியவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள். பக்கத்தில் அப்பா தோளுக்கு மேலே எதையோ தேடித் தடவினார். பெல்ட் கைக்கு அகப்பட்டது. இழுத்தார். மாட்டுகிற இடம் தெரியாமல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டார்.

"நீயும் பெல்ட்டப் போட்டுக்கோ தாயி" என்றார். "ஓட்டுத ஆளும் போடணும்லா."

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.